ஆபீசர் குரல்

நியூஜெர்சியில் என் வீட்டிலிருந்து ஆபீசுக்குக் காரில் 50 நிமிஷம். பாட்டு கேட்டு அலுத்து, செய்தி கேட்டு அலுத்து, ஆறேழு வருஷத்துக்கு முன்னால் பழைய அமெரிக்க வானொலி நாடகங்களில் வந்து நின்றேன். 1930களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை ஒலிபரப்பானவை. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, காசு கிடையாது. பெரும்பாலும் அரை மணி நேரம். அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தவை ஃபெடரல் ஏஜென்ட்கள், அதாவது மத்திய அரசின் ஆட்கள், துப்பறியும் கதைகள். அதிலும் கொலையைவிட மோசடிக் கதைகள். கொலைக் கதையில் செத்தவர் பேச மாட்டார். மோசடிக் கதையில் ஏமாறுகிறவர் பேசுவார், ஏமாற்றுகிறவனும் பேசுவான், குற்றமே அந்தப் பேச்சுக்குள்தான் நடக்கும். துப்பாக்கியோ ரத்தமோ வேண்டாம். ஒரு குரல் இன்னொரு காதுக்குள் போய் உட்கார்ந்தால் போதும். வானொலிக்கென்றே பிறந்த குற்றம் என்று இதை நினைப்பேன்.

ஒன்றரை வருஷமாக ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. என் அத்தை காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த நாடகங்களில் ஒன்றைக் கேட்டபடி சொன்னது. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது அத்தையே "எழுது, ஊர்ல நாலு பேரு படிக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

ஜிம் டெய்லர்

நான் அதிகம் கேட்டது 'திஸ் இஸ் யுவர் எஃப்பிஐ'. 1945 ஏப்ரலில் தொடங்கி 1953 ஜனவரி வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்தது. தயாரித்து இயக்கியவர் ஜெரி டிவைன். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் அன்றைய இயக்குநர் ஜே. எட்கர் ஹூவர் தன் துறையின் வழக்குக் கோப்புகளை இந்த நிகழ்ச்சிக்குத் திறந்துவிட்டார். வானொலியில் வருவதிலேயே இதுதான் சிறந்த நாடகம் என்று தன் வாயால் சான்றும் கொடுத்தார். அதே காலத்தில் சிபிஎஸ் வானொலியில் 'தி எஃப்பிஐ இன் பீஸ் அண்ட் வார்' என்று இன்னொன்று ஓடியது. 1944 முதல் 1958 வரை வந்த அதற்கு இந்த அரசு முத்திரை கிடையாது. ஆனால் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்ட ஒரு பெண்மணிக்கு இரண்டுமே எஃப்பிஐதான்.

முதல் சில வருஷங்களுக்குப் பிறகு 'திஸ் இஸ் யுவர் எஃப்பிஐ' கதைகளில் ஜிம் டெய்லர் என்ற ஏஜென்ட் நிலையாக வருவார். குரல் கொடுத்தவர் ஸ்டேசி ஹாரிஸ். அவசரப்படாத குரல், எந்த இடத்திலும் சத்தம் உயராது. "மேடம்" என்று ஆரம்பிக்கும்போதே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்துவிடும். எதிராளி அழுதால் காத்திருப்பார். கேள்வியைத் திரும்பக் கேட்கும்போதும் குரலில் சலிப்பு இருக்காது. இரவு வேலை முடிந்து களைத்து வரும் நாட்களில் அந்தக் குரலைக் கேட்பதே எனக்கு ஆறுதலாக இருக்கும். உலகத்தில் எங்கோ ஓர் ஆள் கணக்கை எல்லாம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், தப்பு செய்தவன் மாட்டுவான் என்று ஒரு நம்பிக்கை வரும்.

அந்த ஆறுதல் எப்படித் தயாரானது என்று தேடிப் படித்திருக்கிறேன். அந்தக் கால ஸ்டுடியோக்களில் ரிப்பன் மைக் இருந்தது. அதன் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினால் குரலின் அடிக்கனம் தானாகக் கூடும். நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி, நம் காதுக்குப் பக்கத்திலேயே வந்து பேசுகிற மாதிரி கேட்கும். தொலைபேசியில் பேசுகிற காட்சி என்றால் குரலை ஒரு ஃபில்டர் வழியாக அனுப்பி, கீழ்ச்சத்தத்தையும் மேல்ச்சத்தத்தையும் வெட்டிவிடுவார்கள். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒல்லியாக வரும். ஏமாற்றுகிறவன் போன் போட்டால் அந்த ஒல்லிக் குரல். ஏஜென்ட் நேரில் வந்து உட்கார்ந்தால் இந்தக் கனத்த குரல். யார் பொய், யார் மெய் என்று கதை சொல்வதற்கு முன்னாலேயே காது முடிவு செய்துவிடும்.

நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தது ஈக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். தொடக்கத்தில் அறிவிப்பாளர் சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டும்: நாட்டின் பாதுகாப்புக்கு உங்கள் எஃப்பிஐ, உங்கள் பணத்தின் பாதுகாப்புக்கு உங்கள் ஈக்விட்டபிள். ஒரே மூச்சில் இரண்டும் வரும். பல வருஷம் அதை வெறும் விளம்பரமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 'உங்கள்' என்ற அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று யோசித்ததே இல்லை.

கணக்கு நோட்டுக்குச் சத்தம் கிடையாது

மோசடி வழக்கை நாடகமாக்குவது லேசான வேலை இல்லை. ஹூவர் தன் ஏஜென்ட்களாக வக்கீல் படிப்பும் கணக்குப் படிப்பும் படித்தவர்களைத்தான் விரும்பி எடுத்தார். நிஜத்தில் ஒரு மோசடி வழக்கு என்பது மாதக்கணக்கில் பேரேடு புரட்டுவது, காசோலையின் பின்பக்கத்துக் கையெழுத்தை ஒப்பிடுவது. பேரேடு புரட்டும் சத்தத்தை அரை மணி நேரம் யார் கேட்பார்? அதனால் பாதிக் கதைக்கு மேல் கார் துரத்தலும் கதவு உடைப்பும் வந்துவிடும். அந்தப் பாதியை நான் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை.

இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது எஃப்பிஐ நாடகம் இல்லை, 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்'. 1949 முதல் 1962 வரை ஓடிய தொடர். ஜானி டாலர் அரசாங்க ஆள் கிடையாது, காப்பீட்டு நிறுவனங்களுக்காக அலைகிற துப்பறிவாளர். கதை முழுக்க அவர் கொடுக்கும் செலவுக் கணக்காகவே நகரும். இத்தனை டாலர் டாக்ஸிக்கு, இத்தனை டாலர் ஹோட்டல் அறைக்கு என்று ஒவ்வொரு வரியும் ஒரு காட்சியைத் திறக்கும். 1955 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு மேல், வாரத்துக்கு ஒரு கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் கால் மணி நேரமாக நீட்டிச் சொன்னார்கள். பாப் பெய்லி பேசிய அந்தக் கதைகள் எனக்குக் கணக்கு என்பதே ஒரு கதைதான் என்று காட்டின. இந்தத் தொடரை அத்தைக்கு முதலிலேயே போட்டுக் காட்டியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அத்தை 31 வருஷம் திருநெல்வேலியில் ஒரு வங்கியில் கேஷியராக இருந்தவர்.

ஒரு மோசடி எப்போது ஃபெடரல் குற்றமாகிறது என்பதையும் இந்த நாடகங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. பக்கத்து வீட்டுக்காரன் நேரில் வந்து ஏமாற்றினால் அது உள்ளூர்ப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் வழக்கு. தபாலைப் பயன்படுத்தி ஏமாற்றினால் 1872இலிருந்தே ஃபெடரல் குற்றம். 5,000 டாலரோ அதற்கு மேலோ சுருட்டிக்கொண்டு மாநில எல்லை தாண்டினால் 1934 சட்டப்படி ஃபெடரல் குற்றம். அதனால்தான் இந்தக் கதைகளில் ரயிலும் மாநில எல்லையும் அவ்வளவு முக்கியம். தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி வழியாக மாநிலம் விட்டு மாநிலம் ஏமாற்றுவதைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் 1952 ஜூலையில்தான் வந்தது. ஜிம் டெய்லர் வானொலியில் பேசிக்கொண்டிருந்த கடைசி முழு வருஷம் அது. குரலால் ஏமாற்ற முடியும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட வருஷம்.

அட்டைப் பெட்டிக்குள் ஒரு சீட்டு

அத்தைக்கு 71 வயது. தன் மகன், அதாவது என் அத்தானின் வீட்டில் வசிக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். பாளையங்கோட்டை வீட்டை விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பேத்தி படிப்புக்கென்று இங்கே தன் பெயரில் போட்டு வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் போன் வந்திருக்கிறது. பேசியவன் ஒரு ஃபெடரல் துறையின் பெயரையும் தன் பெயரையும் பேட்ஜ் எண்ணையும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னான். உங்கள் வங்கிக் கிளைக்குள்ளேயே ஓர் ஆள் முதியவர்களின் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறான், நாங்கள் ரகசியமாகக் கண்காணித்து வருகிறோம் என்றான். பேச்சுவாக்கில் அத்தை தானும் வங்கியில் இருந்தவள் என்று சொன்னார். அவன் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "அப்படியானால் உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை" என்றானாம். நோட்டுகளின் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும், கொஞ்சம் பணம் எடுத்துக் கொடுங்கள், வழக்கு முடிந்ததும் திரும்பக் கணக்கில் ஏறிவிடும். ஒரே தடவையில் 10,000 டாலருக்கு மேல் எடுத்தால் வங்கி தனியாக அறிக்கை அனுப்பும், அந்தத் திருடன் உஷாராகிவிடுவான், அதனால் இரண்டு தடவையாக எடுங்கள். கவுன்டரில் கேட்டால் கல்யாணச் செலவு என்று சொல்லுங்கள். வீட்டில் யாரிடமும் மூச்சு விட வேண்டாம், அது அவர்களுக்குத்தான் ஆபத்து.

முதல் நாள் 6,000. மறுநாள் 8,000. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, வாசலில் வந்து நின்ற காரில் ஒரு பையனிடம் கொடுத்தார். பையன் சொல்ல வேண்டிய அடையாளச் சொல்லைச் சரியாகச் சொன்னான். அதைக் கேட்டு வாங்கிய பிறகுதான் அத்தை பெட்டியைக் கொடுத்தாராம்.

பெட்டிக்குள் பணத்துக்கு மேலே ஒரு சீட்டு வைத்திருந்தார். 100 × 60 = 6,000 என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்து. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே 100 × 80 = 8,000. கவுன்டரில் 31 வருஷம் செய்த வழக்கம். கட்டுக்கு மேல் சீட்டு இல்லாமல் அவர் கையிலிருந்து பணம் போகாது.

ஆறு நாள் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது, "அந்த ஆபீசர்ட்ட இன்னும் ரசீது வாங்கலையேய்யா" என்று அத்தானிடம் அவரே கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

அப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டாம், இப்படி நடந்த எல்லா வீட்டிலும் நடப்பதுதான். போலீசில் புகார், வங்கியில் புகார், இணையத்தில் ஃபெடரல் புகார்ப் படிவம். உறவுக்காரர்கள் எல்லாரும் இரண்டு வாக்கியத்தில் ஒன்றைச் சொன்னார்கள். ஒன்று, "பாவம், பயந்துட்டாங்க." இன்னொன்று, "பேங்க்ல இருந்தவங்களே இப்படி ஏமாறலாமா?" நான் செய்தது அதைவிட மோசம். முந்நூறு மோசடிக் கதை கேட்ட தெம்பில் அத்தையைச் சோபாவில் உட்காரவைத்து, அவன் எங்கே தூண்டில் போட்டான், எந்த இடத்தில் நீங்கள் சுதாரித்திருக்க வேண்டும் என்று வரிசையாக விளக்கினேன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த விரலை அன்று நான் பார்த்தேன், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

பிரிட்ஜ்வாட்டர் போகும் வழியில்

இரண்டு மாதம் அத்தை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒரு சனிக்கிழமை நான் வற்புறுத்தி பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காரைக் கிளப்பியதும் என் போன் தானாக இணைந்து, முந்தைய நாள் பாதியில் விட்ட நாடகத்தை ஆரம்பித்துவிட்டது. பதறிப்போய் அணைக்கக் கையை நீட்டினேன். "இருக்கட்டும், என்னதுன்னு கேப்போம்" என்றார்.

ஏமாந்த ஒரு பெண்மணியிடம் ஜிம் டெய்லர் விசாரிக்கும் இடம். அவள் தயங்குகிறாள், அவர் அவசரமில்லை என்கிறார். நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள் என்கிறார். உங்கள் உதவி இல்லாமல் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்ற தொனி. அத்தைக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏல, என்கிட்ட பேசுனவன் இவன மாதிரிதாம்ல பேசுனான்."

நான் திருத்தினேன். "இல்ல அத்தை, ஏமாத்துறவன் முதல்லயே வந்துட்டுப் போயிட்டான். இவர்தான் ஆபீசர். நல்லவர்."

"அதத்தானல சொல்லுதேன்" என்றார்.

நெடுஞ்சாலையில் எங்கள் முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டாமல் அதன் பின்னாலேயே ரொம்ப தூரம் போனேன். இத்தனை வருஷம் இந்த நாடகங்களில் ஏமாற்றுகிறவனின் குரலைத்தான் நான் கூர்ந்து கேட்டேன். அவன் எங்கே இழைகிறான், எங்கே வழுக்குகிறான் என்று குறித்துக்கொள்வேன். நாளைக்கு யாராவது என்னை ஏமாற்ற வந்தால் அந்தக் குரலை வைத்து அடையாளம் கண்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம். அத்தையிடம் வந்தவன் அந்தக் குரலில் வரவே இல்லை. ஜிம் டெய்லரின் குரலில் வந்தான். பொறுமையாக, மரியாதையாக, கொஞ்சம் களைப்பாக, நெஞ்சிலிருந்து பேசினான். நாடகத்தில் எந்தக் குரலைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்தேனோ அதே குரல்.

கோயில் வாசலில் காலணி விடும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபோது அத்தை மிச்சத்தையும் சொன்னார். "எல்லாரும் நான் பயந்துட்டேம்னு சொல்லுதாவ. நான் பயப்படலய்யா. ரிட்டயர் ஆயி பதிமூணு வருசம் ஆச்சு. இங்க வந்த பெறவு காய் நறுக்கிக் குடுக்கேன், பிள்ளைய பஸ்ல ஏத்தி விடுதேன். ஒருத்தன் போனு போட்டு, உங்க அனுபவம் எங்களுக்கு வேணும்னு கேட்டான். எனக்கு அன்னைக்கு ஆபீஸ் போற மாதிரி இருந்துச்சு. நல்ல சேலையா எடுத்துக் கட்டிட்டுத்தான் பேங்குக்குப் போனேன்."

யார் செய்த குரல்

அமெரிக்கப் போலீஸ் வட்டாரத்தில் இதற்குப் பல பத்தாண்டுகளாகவே பெயர் உண்டு: பேங்க் எக்ஸாமினர் மோசடி. நான் வங்கிகளைச் சோதிக்கும் அதிகாரி, உங்கள் கிளையில் ஒரு கேஷியர் மேல் சந்தேகம், பொறி வைக்கப் பணம் எடுத்துக் கொடுங்கள். 1967இல் 'ட்ராக்நெட்' தொலைக்காட்சித் தொடர் இதையே ஒரு கதையாக எடுத்தது. அதில் ஏமாறுகிறவர்களும் வயதானவர்கள். ஆசை காட்டி ஏமாற்றுவது ஒரு வகை, பயம் காட்டுவது ஒரு வகை. இது மூன்றாவது வகை. ஏமாறுகிறவருக்கு நாடகத்தில் ஒரு வேஷம் கொடுக்கிறது, அதுவும் சட்டத்தின் பக்கத்து வேஷம். நீங்களும் எங்களோடு சேர்ந்து துப்பறிகிறீர்கள் என்கிறது. ஃபெடரல் ஏஜென்ட் கதைகள் ஊரெங்கும் பரவாமல் இந்த மோசடிக்கு உயிர் கிடைத்திருக்குமா என்று யோசிக்கிறேன். அந்தக் குரலை மக்கள் ஏற்கெனவே நம்பியிருந்தால்தானே அதைக் கடன் வாங்க முடியும்?

அந்தக் குரல் தானாக உருவானதும் இல்லை. 1935இல் பிலிப்ஸ் லார்ட் என்ற தயாரிப்பாளர் 'ஜி-மென்' என்று முதல் தொடரைத் தொடங்கினார். வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சர் கதையோடு ஆரம்பம். ஹூவர் வசனத்தைத் தன் துறை பார்த்துத் திருத்த வேண்டும் என்றார். துப்பாக்கிச் சத்தத்தைக் குறைத்து, அறிவியல் முறையில் பொறுமையாக நடக்கும் விசாரணையைக் காட்டச் சொன்னார். லார்டுக்கு அது ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டே சைரனும் இயந்திரத் துப்பாக்கியுமாக 'கேங் பஸ்டர்ஸ்' என்று தனியாகப் போய்விட்டார். பத்து வருஷம் கழித்து ஹூவர் விரும்பிய அந்தப் பொறுமையான, தூய்மையான குரல் ஜிம் டெய்லராக வந்து உட்கார்ந்தது. அரசாங்கம் தன்னைப் பற்றி மக்கள் மனதில் என்ன பதிய வேண்டும் என்று விரும்பியதோ, அதைத்தான் ஒரு நடிகர் தாளில் பார்த்துப் படித்தார். அதே துறை 1964இல் மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பெயரில்லாத மிரட்டல் கடிதம் அனுப்பியது. 1971இல் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சின்ன ஊரில் எஃப்பிஐ அலுவலகத்துக்குள் சில குடிமக்கள் புகுந்து எடுத்துப்போன கோப்புகள் வெளியான பிறகுதான் நாட்டுக்குப் பலதும் தெரிந்தது. இதைத் தெரிந்துகொண்டே அந்த நாடகங்களை இன்னும் கேட்கிறேன். ஸ்டேசி ஹாரிஸின் நடிப்பு அவ்வளவு நல்ல நடிப்பு.

2016 அக்டோபரில் மும்பைக்குப் பக்கத்திலுள்ள தானே நகரில் போலீஸ் போலி கால் சென்டர்களுக்குள் புகுந்தபோது நூற்றுக்கணக்கில் இளைஞர்கள் அங்கே உட்கார்ந்து அமெரிக்க வரித்துறை அதிகாரி போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் அமெரிக்க நீதித்துறை 61 பேர் மற்றும் நிறுவனங்கள் மேல் குற்றம் சாட்டியது. அதில் இந்தியாவிலிருந்த ஐந்து கால் சென்டர்களும் அடக்கம். செய்தியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம்: அவர்கள் கையில் எழுதிவைத்த வசனம் இருந்தது. எதிராளி இப்படிச் சொன்னால் அப்படிச் சொல் என்று. பையன்கள் தாளைப் பார்த்துப் படித்தார்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் மைக்கின் முன் நின்று தாளைப் பார்த்துப் படித்த நடிகர்களை நினைத்துக்கொண்டேன். அங்கேயாவது முடிவில் ஒரு குரல் வந்து, கேட்ட பெயர்கள் எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டுப் போகும்.

மூன்று நிமிஷம்

அதற்குப் பிறகு நான் இந்த நாடகங்களைக் கேட்கும் விதம் மாறிவிட்டது. ஏமாந்தவருக்கு அரை மணி நேரத்தில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கவனிக்கிறேன். பெரும்பாலும் மூன்று நிமிஷம், மிஞ்சிப்போனால் ஐந்து. தொடக்கத்தில் ஏமாறுவார், நடுவில் ஏஜென்டிடம் அழுவார், அதோடு சரி. கடைசியில் கைதும் தண்டனை வருஷமும் சொல்லப்படும். அந்தப் பெண்மணி மறுநாள் காலை எழுந்து என்ன செய்தாள், மகனிடம் எப்படிச் சொன்னாள், அடுத்த தடவை போன் மணி அடித்தபோது எடுத்தாளா என்று யாரும் சொல்வதில்லை. அவள் எந்தச் சேலையை, இல்லை, எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாள் என்றும் சொல்வதில்லை. ஆனால் நல்ல நடிகையாக இருந்தால் அந்த மூன்று நிமிஷத்திலேயே அது கேட்கும். "அவரிடம் நான் உதவி செய்வதாகச் சொன்னேன்" என்கிற மாதிரி ஒரு வரியில் குரல் லேசாக நிமிரும். அந்த நிமிர்வுதான் இப்போது நான் தேடிக் கேட்பது. முன்பு அந்த வரிகளைக் கவனித்ததே இல்லை, ஏஜென்ட் எப்போது வருவார் என்று காத்திருந்தேன்.

அத்தையோடு இப்போது சனிக்கிழமை தோறும் ஒரு கதை கேட்கிறோம். ஜானி டாலரைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கிறது. செலவுக் கணக்கைக் கேட்டுக்கொண்டே மனதில் கூட்டி, கடைசியில் ஜானி சொல்லும் மொத்தத்தோடு ஒத்துப்பார்க்கிறார்.

போன மாதம் அவருக்கு ஒரு போன் வந்தது. உங்கள் புகார் சம்பந்தமாகப் பேச வேண்டும், இதே மாதிரி வேறு சில புகார்களும் வந்திருக்கின்றன என்று. அத்தை பேசாமல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "போலிதாம்ல. ஆபீசர் மாதிரியே பேசல. மூக்கடைப்பு வேற. பேப்பரத் தேடுதான், என் பேரைத் தப்பாச் சொல்லுதான்." நான் போய், புகார் கொடுத்தபோது தந்த வழக்கு எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த அலுவலகத்தின் பொது எண்ணை அதன் இணையதளத்திலிருந்தே எடுத்துப் போட்டேன். இரண்டு இடம் மாற்றி, காத்திருக்கச் சொல்லி, கடைசியில் அதே மூக்கடைப்புக் குரல் வந்தது. நீங்கள் போனை வைத்தது ரொம்பச் சரி என்றார். இருமினார். பணம் கொடுத்த நாள், தொகை, ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார், இருக்காது என்ற எண்ணத்தோடு கேட்பது தெரிந்தது.

அத்தை எழுந்து உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்து அதற்குள்ளிருந்து இரண்டு சீட்டை உருவினார். ஒரு சீட்டு கட்டோடு, ஒரு சீட்டு கையிருப்பில். வங்கியில் அப்படித்தானாம், எனக்கு இதுவரை சொல்லவில்லை. சீட்டில் தொகைக்குக் கீழே, பென்சிலில், காரின் நம்பர் பிளேட்டில் அவர் கண்ணுக்குத் தெரிந்தவரை நான்கு எழுத்து.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, கவுன்டர் ஆங்கிலத்தில் நிதானமாகப் படித்தார். ஹண்ட்ரட்ஸ், சிக்ஸ்டி நம்பர்ஸ். ஹண்ட்ரட்ஸ், எய்ட்டி நம்பர்ஸ். அந்தப் பக்கம் எழுதும் சத்தம். கொஞ்சம் பொறுங்கள், இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்றார் அவர். அத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.